நாலு பிரதி போட்ட பெட்டிசம்

என்னோட கிளப் ஆட்டம் பார்க்க வாற றெக்ஸ் ரெலிபோன் எடுக்கேக்க பின்னேரம் நாலு மணி. நான் பேக்கரியில காலமை வேலை முடிச்சு வந்து, கால்முகம் கழுவிப்போட்டு, தேத்தண்ணிக் கோப்பையோட அப்பதான் கதிரையில குந்தினனான்.

“அண்ணை, விசயம் தெரியுமோ? லின்டெமானைக் கலைச்சுப்போட்டாங்கள்.”

“என்ன?”

“கிளப் கந்தோரை விட்டுக் கலைச்சாச்சு. நேற்றே கதவுத் திறப்பையும் வாங்கிப்போட்டாங்களாம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அறுவாங்கள்! நிர்வாகமோ இது? அந்த மனுசன் இல்லாட்டி அந்தக் கிளப்பில ஒரு மட்டையைப் பிடிக்க ஆள் இருந்திருக்குமோ? புல்லு வெட்டினது ஆர்? பஸ் ஓடினது ஆர்? ஒன்பது வருசமாய் இந்த ரீமைக் கட்டி எழுப்பினது ஆர்? பல்லுப் பிடுங்கிற தலைவருக்குப் பேஸ்போலைப் பற்றி என்ன தெரியும்?” எண்டு வாய்க்கு வந்தபடி ஏசினன். என்ர மனிசி கலாதேவி குசினியுக்குள்ள இருந்து எட்டிப் பார்த்தா. நான் நிப்பாட்டேல்லை. கதிரையில அடிச்சு அடிச்சு ஏசினன்.

“நீங்கள் சொல்லுறது சரியண்ணை,” எண்டான் றெக்ஸ். “ஆரோ ஒருத்தன் பெயர் போடாமல் கடிதம் எழுதியிருக்கிறானாம். பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகேக்க குடிக்கிறார் எண்டு. அதை வைச்சுத்தான் கலைச்சவங்கள்.”

நான் அடிக்கிறதை நிப்பாட்டினன். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

அந்தக் கடிதத்தை எழுதினது நான்.

இதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லவேணும். இல்லாட்டி நான் ஏதோ நல்லவன் மாதிரி உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் இருக்கிறது டார்ம்ஸ்டாட்டுக்குக் கிட்ட ஒரு சின்னப் பட்டினம். நான் சொல்லுறது தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கதை. எங்கட ஊர்க் கிளப்புக்குப் பெயர் ஹெரன்ஸ். ரண்டாவது பிரிவில விளையாடுற பேஸ்போல் ரீம். பேஸ்போலுக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பியள். எல்லே விளையாடினவனுக்கு அதை ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. மூங்கில் தடியால பந்தை அடிச்சுப்போட்டு, கம்பத்துக்குக் கம்பம் விழுந்தடிச்சு ஓடுறதுதானே எல்லே. நான் பள்ளிக்கூடத்தில எங்கட இல்லத்துக்கு எல்லே கப்ரன். ஜேர்மனிக்கு வந்த புதுசில, அமெரிக்க ஆமிக்காறர் ஒரு புல்வெளியில தடியோட நிக்கிறதைக் கம்பி வேலியால பார்த்தன். பத்து நிமிசத்தில ஆட்டம் விளங்கிப்போச்சு. டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, விளங்க எனக்கு ஆறு வருசம் எடுத்தது.

அண்டையில இருந்து நான் ஹெரன்ஸின்ர ஆள். மழையெண்டாலும் போவன். சும்மா பார்க்கிற பழக்கம் எனக்கில்லை, கத்துவன். நடுவருக்கும் கத்துவன், எங்கட ஆக்களுக்கும் கத்துவன், தமிழிலயும் கத்துவன். ஒருநாள் லின்டெமான் என்னட்டை வந்தார். கிளப் கந்தோரை நடத்துறது, ரீமை எடுக்கிறது, எல்லாம் அந்த மனுசன்தான். “ஹேர் தபோ, இவ்வளவு சத்தம் போடுறீங்கள். இந்தச் சத்தத்துக்கு ஒரு வேலை தாறன்,” எண்டு சொல்லி, ஸ்கோர் பலகையின்ர பூட்டுத் திறப்பைத் தந்தார். ஹேர் எண்டால் டொச்சில திரு. மரப்பலகை. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் இலக்கத் தகட்டைக் கொழுவவேணும். தபோதரன் எண்ட என்ர பெயரை முழுசாய்ச் சொல்ல வராத ஊரில, அந்தத் திறப்பு என்ர பொக்கற்றில கிடந்த மரியாதை வேற.

என்ர மகள் சஜிதாவும் அங்கைதான் விளையாடுறாள். பதின்மூண்டு வயசு. பிள்ளையளின்ர ரீமில ரண்டாவது பேஸில நிக்கிறவள். சனிக்கிழமைகளில வெளியூர் ஆட்டத்துக்கு லின்டெமான் பதினாலு பிள்ளையளையும் கிளப்பின்ர சின்ன பஸ்ஸில ஏத்திக்கொண்டு போவார். நானும் இடைக்கிடை கூடப் போறனான்.

பிறகு ஏனடா எழுதினாய் எண்டு கேளுங்கோ. கேக்கத்தான் வேணும்.

வைகாசி மாசம் பெரிய ரீமுக்கு ஒரு ஆட்டம். முதலாவதாய் நிக்கிற ரீமோட. அதை வெண்டிருந்தால் மேல் பிரிவுக்குப் போற வழி திறந்திருக்கும். எங்களிட்டை டெரல் எண்டு ஒரு பிட்சர், அமெரிக்க ஆமிப் பெடியன். அவன் எறிஞ்சால் பந்து கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கிறதுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னம் லின்டெமான் அவனை வெளியில இருத்திப்போட்டார். காரணம் சொல்லேல்லை. கேட்டவனுக்கெல்லாம் “இண்டைக்கு அவர் எறியமாட்டார்” எண்ட ஒரே பதில். நாங்கள் நாலுக்கு மூண்டு எண்டு தோத்தம். கடைசித் தகட்டை நான்தான் என்ர கையாலை கொழுவினனான். கொழுவிப்போட்டு, பலகைக்குப் பின்னால நிண்டு அழுதனான். வெக்கமில்லாமல் சொல்லுறன், உண்மையாய் அழுதனான்.

அந்த விசர் ஒரு கிழமையாய் அடங்கேல்லை. லின்டெமானிட்டை நேர போய் “ஏன் ஐயா இப்பிடிச் செய்தனீங்கள்?” எண்டு கேட்டிருக்கலாம். எங்கட ஆக்கள் ஆரும் அப்பிடிக் கேக்கிறவையோ? முகத்துக்கு முன்னால சிரிப்பம். வீட்டை வந்து பெட்டிசம் எழுதுவம்.

அதில நான் சாதாரண ஆளில்லை. நாட்டில ரண்டு வருசம் கச்சேரியில, மாவட்ட அரசாங்கக் கந்தோரில, கிளாக்கராய் இருந்தனான். பெட்டிசங்கள் வாற மேசை என்ர மேசை. கிராமசேவகருக்கு எதிராய், சங்கக்கடை மனேச்சருக்கு எதிராய், வாத்திக்கு எதிராய், நாளுக்கு இருபது வரும். எல்லாத்துக்கும் கீழ “இப்படிக்கு, நலன்விரும்பி” எண்டு கிடக்கும். அதுக்குக் கீழ பிரதிகள்: அரசாங்க அதிபருக்கு, பாராளுமன்ற உறுப்பினருக்கு, பத்திரிகைக்கு. பிரதி போடாட்டி அது பெட்டிசமே இல்லை. நான் சீல் குத்தி, கோவையில போட்டு, அலுமாரியில அடுக்குவன். அவ்வளவுதான். என்ர ரண்டு வருசத்தில ஒரு பெட்டிசத்தாலையும் ஒருத்தனுக்கும் வேலை போகேல்லை. மிஞ்சிப் போனால் மேலதிகாரி கூப்பிட்டு “என்ன காணும், உமக்கு எதிராய்க் கடிதம் வருது” எண்டு சிரிப்பார். எழுதினவனுக்கு மனம் ஆறும். அதுக்குத்தான் பெட்டிசம்.

லின்டெமானுக்கும் அப்பிடி ஒரு குட்டு விழட்டும் எண்டுதான் நினைச்சன். வேற ஒண்டும் நினைக்கேல்லை.

என்ன எழுதுறது? மனுசனில பிழை பிடிக்க ஒண்டுமில்லை. அப்ப எனக்கு அந்தப் போத்தில் ஞாபகம் வந்தது. பஸ்ஸின்ர சாரதி ஆசனத்துக்குக் கீழ ஒரு அப்பிள் வைன் போத்தில் எப்பவும் கிடக்கும். இந்தப் பக்கத்து ஆக்கள் குடிக்கிற புளிச்ச அப்பிள் மது. சிவப்பு வெளிச்சத்தில பஸ் நிக்கேக்க லின்டெமான் அதை எடுத்து ஒரு முறடு குடிப்பார். ஆனால் அதுக்குள்ள இருக்கிறது தேத்தண்ணி. சீனி போடாத, ஆறின கறுப்புத் தேத்தண்ணி. எனக்கு எப்பிடித் தெரியும் எண்டால், நானே அதில வாங்கிக் குடிச்சிருக்கிறன்.

நான் எழுதினது இதுதான்: “சாரதி ஆசனத்தின் கீழ் ஒரு அப்பிள் வைன் போத்தல் உள்ளது. பிள்ளைகளுடன் செல்லும்போது அவர் அதிலிருந்து குடிப்பதைப் பல சனிக்கிழமைகளில் கண்டேன்.” ஒரு சொல்லுப் பொய் இல்லை, பார்த்தியளோ? உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு நான் எழுதேல்லை. கச்சேரியில படிச்ச வித்தை.

டொச்சுக்கு என்ன செய்தன்? சஜிதாவைக் கேட்டன். ஒரேயடியாய் இல்லை. இண்டைக்கு ஒரு வசனம், நாளைக்கு ஒரு வசனம். “பிள்ளை, ஆசனத்துக்குக் கீழ எண்டதை எப்பிடி எழுதுறது?” “பிள்ளை, பல தடவை கண்டன் எண்டதுக்கு நல்ல டொச் என்ன?” பேக்கரியில எழுதிக் குடுக்க எண்டு சொன்னன். அவளும் வீட்டுப்பாடத்துக்கு நடுவில சொல்லித் தந்தாள். கடைசியாய், “எனக்குக் கோபமில்லை, அக்கறையிலதான் எழுதுறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?” எண்டு கேட்டன். அவள் பேனையைக் கடிச்சு யோசிச்சுப்போட்டு, வடிவான ஒரு வசனம் சொன்னாள். தமிழில சொன்னால், “கோபம் என் கையைப் பிடித்து எழுதவில்லை, கவலை பிடித்து எழுதுகிறது” எண்டு வரும்.

நூலகத்து ரைப் மெசினில அடிச்சன். முதல் கடிதம் கிளப் தலைவருக்கு. பிரதிகள் நாலு: மேயருக்கு, மாநில பேஸ்போல் சங்கத்துக்கு, உள்ளூர்ப் பேப்பருக்கு, யூகென்ட்அம்டுக்கு. யூகென்ட்அம்ட் எண்டால் பிள்ளையளின்ர பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோர். நாலாவது பிரதிக்கு வேற ஆரைப் போடுறதெண்டு தெரியாமல்தான் அவையைப் போட்டனான்.

மேயர் எறிஞ்சிருப்பார். பேப்பர்க்காறன் எறிஞ்சிருப்பான். யூகென்ட்அம்ட் எறியேல்லை. இலக்கம் போட்டு, கோவை திறந்து, கிளப்புக்குக் கடிதம் எழுதிப்போட்டினம். நிர்வாகம் போய்ப் பார்த்தால் போத்தில் கிடக்கு. தாய்மார் ரண்டு பேரைக் கேட்டால், ஓம், குடிக்கிறதைக் கண்டனாங்கள் எண்டினம். தேத்தண்ணி எண்டு லின்டெமான் சொன்னதை ஆர் நம்புறது? கழுவிப்போட்டு இப்ப தேத்தண்ணி விட்டிருக்கலாம்தானே. மனுசனைக் கலைச்சுப்போட்டினம். இந்த நாட்டில கடிதம் எண்டால் கடிதம்தான். பதினொரு வருசம் இஞ்சை இருந்தும் எனக்கு அது உறைக்கேல்லை.

றெக்ஸ் ரெலிபோனை வைச்ச பிறகு கலாதேவிக்குச் சொன்னன். அவ மாக் கையோட நிண்டு முழுக்கக் கேட்டா.

“ஐயோ, உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசன் உங்களுக்கு என்ன குறை வைச்சது? விசா அன்ட்றாக்குக்குக் கூட அவர்தானே கிளப் தாளில கடிதம் தந்தவர்?”

அதுவும் உண்மை. எங்கட நிரந்தர விசாவுக்கான அன்ட்றாக், விண்ணப்பம், முடிவு வராமல் அப்ப அரசாங்கக் கந்தோரில கிடந்தது. எழுதினது நான்தான் எண்டு தெரிஞ்சு, பொய்க் குற்றச்சாட்டெண்டு பொலிசுக்குப் போனால், அந்த விண்ணப்பம் என்ன ஆகுமெண்டு கடவுளுக்குத்தான் தெரியும்.

“இனி வாயைத் திறக்காதையுங்கோ,” எண்டா கலாதேவி. “எழுதினது எழுதினதாய்க் கிடக்கட்டும். சஜிதாவுக்கும் தெரியவேண்டாம்.”

அடுத்த கிழமை லின்டெமான் எங்கட வீட்டுக்கு வந்தார். முன்னம் ஒருநாளும் வராத மனுசன். சவரம் எடுக்கேல்லை. சேட்டு மட்டும் வடிவாய் அயன் பண்ணிக் கிடந்தது. குசினி மேசையில இருத்தினம். சஜிதா தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டாள்.

“ஹேர் தபோ, நீங்கள் எனக்காக நிர்வாகத்தை ஏசித் திரியிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். நன்றி,” எண்டார். எனக்குக் காது சுட்டது. “ஞாயிற்றுக்கிழமை அங்கத்தவர் கூட்டம். நீங்கள் என்ர போத்திலில குடிச்சிருக்கிறீங்கள். அது தேத்தண்ணி எண்டு எழும்பிச் சொல்லுவீங்களோ?”

“ஓம், ஓம், கட்டாயம்,” எண்டன். என்னெண்டு அந்த வாய் வந்ததோ.

பிறகு கேட்டன், கேக்காமல் இருக்க ஏலாமல்: “அண்டைக்கு டெரலை ஏன் வெளியில இருத்தினீங்கள்?”

லின்டெமான் கோப்பையைத் தள்ளி வைச்சார். “அவன் அண்டைக்குக் குடிவெறியில வந்தவன். மணந்தது. வெளியில சொல்லியிருந்தால் ஆமியில அவனுக்குத் தண்டனை. இருபது வயசுப் பெடியன்தானே, அதாலை சொல்லேல்லை. இப்ப பாருங்கோ, குடிகாரன் எண்ட பெயர் எனக்கு.” சிரிக்கப் பார்த்தார், சரிவரேல்லை. “யூகென்ட்அம்ட் கோவையில பெயர் விழுந்தால், இனி எங்கையும் பிள்ளையளோட வேலை செய்ய விடமாட்டினம். எனக்கு ஐம்பத்தேழு வயசு. வேற ஒண்டும் எனக்குச் செய்யத் தெரியாது.”

பொக்கற்றில இருந்து ஒரு தாளை எடுத்து விரிச்சார். என்ர கடிதத்தின்ர பிரதி. “ஆர் எழுதினதெண்டு யோசிச்சு யோசிச்சு எனக்கு நித்திரை இல்லை. நல்லாய்ப் படிச்ச ஆள். கேளுங்கோ,” எண்டு வாசிச்சார். “கோபம் என் கையைப் பிடித்து எழுதவில்லை, கவலை பிடித்து எழுதுகிறது.”

சஜிதா ஊத்தின தேத்தண்ணி கோப்பை நிரம்பி மேசையில ஓடினது.

அவள் துணி எடுத்துத் துடைச்சாள். மெதுவாய், ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பித் துடைச்சாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்னண்டு சொல்லுறது? ஏசினாலும் தாங்கியிருப்பன். அவளின்ர கண்ணில, நீங்கள் ஆர் எண்டு கேக்கிற மாதிரி ஒண்டு கிடந்தது. பெத்த அப்பனை அப்பிடி ஒரு பிள்ளை பார்க்கக்கூடாது.

கூட்டத்துக்கு இருந்த அந்த மூண்டு நாளும் அவள் என்னோட கதைக்கேல்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், கதவைச் சாத்தினாள். “பிள்ளை” எண்டு கூப்பிட்டால் தாயிட்டைத் திரும்பிப் பதில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலமை பதினொரு மணிக்குக் கிளப் வீட்டில கூட்டம். எழுபது, எண்பது பேர். றெக்ஸ் முன்வரிசையில இடம் பிடிச்சு வைச்சிருந்தான். “அண்ணை, இண்டைக்கு விட்டு விளாசுங்கோ,” எண்டு முதுகில தட்டினான். கலாதேவி என்ர கையைப் பிடிச்சு, “தேத்தண்ணி எண்டதை மட்டும் சொல்லிப்போட்டு இருங்கோ” எண்டு காதுக்குள்ள சொன்னா. சஜிதா பள்ளிக்கூடப் பையோட வந்து கடைசி வரிசையில இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில அந்தப் பை என்னத்துக்கு எண்டு நான் யோசிக்கேல்லை.

தலைவர் ஹாகன், அந்தப் பல்லு டொக்டர், என்னைக் கூப்பிட்டார். எழும்பினன். “நான் அந்தப் போத்திலில குடிச்சனான். தேத்தண்ணி. சீனியும் இல்லை,” எண்டன். கொஞ்சப் பேர் சிரிச்சினம்.

ஹாகன் மரியாதையாய்த்தான் சொன்னார். “நன்றி, ஹேர் தபோதரன். ஆனால் நீங்கள் குடிச்சது ஒருநாள். கடிதம் எழுதினவர் பல சனிக்கிழமைகள் எண்டு எழுதியிருக்கிறார். அவர் நேரில வந்தால் கேக்கலாம். வராமல், யூகென்ட்அம்டுக்கு நாங்கள் என்ன பதில் எழுதுறது?”

லின்டெமான் ஒரு ஓரத்தில தொப்பியை மடியில வைச்சுக்கொண்டு இருந்தார். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நான் சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு, இனி இருக்கலாம். கலாதேவி கோட்டின்ர நுனியைப் பிடிச்சு இழுக்கிறா. முழங்கால் மடிய மாட்டன் எண்டுது.

“அவர் வந்திருக்கிறார்,” எண்டன். “நான்தான் எழுதினனான்.”

தேத்தண்ணி எண்டு தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான் எண்டும் சொன்னன், டெரலை விளையாட விடாத கோபத்தில எண்டும் சொன்னன். என்ர ஓட்டை டொச்சில எவ்வளவு சொல்ல ஏலுமோ அவ்வளவும் சொன்னன்.

பிறகு நடந்ததை நான் கனவிலயும் நினைக்கேல்லை. ஒருத்தி கை தட்டினாள். பின்னால இன்னும் கொஞ்சப் பேர் தட்டிச்சினம். ஹாகனுக்கு முகம் இளகிப்போச்சு.

“ஹேர் தபோதரன், ஒரு நண்பருக்காக இப்பிடிப் பழியை ஏற்க முன்வாறது பெரிய மனசு. ஆனால், குறை நினைக்காதையுங்கோ, இது நீங்கள் எழுதிற டொச் இல்லை. நீங்கள் ஸ்கோர் தாளில எழுதிறதை நாங்கள் கண்டிருக்கிறம்.”

எல்லாரும் அன்பாய்ச் சிரிச்சினம். நான் உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பேல்லை. றெக்ஸின்ர கண் கலங்கிப்போய்க் கிடக்கு. கோதாரி, என்னைத் தியாகி ஆக்கிப்போட்டான்! கலாதேவி பெருமூச்சு விட்டா. தப்பினம் எண்ட மூச்சு. எனக்கும் உள்ளுக்கை ஒரு நொடி அதே மூச்சு வந்தது, மறைக்கேல்லை. இருந்தால் விசயம் முடிஞ்சுது. மனச்சாட்சிக்கும் சொல்லியாச்சு, விசாவுக்கும் பங்கமில்லை. லின்டெமானுக்கு மட்டும்தான் ஒண்டுமில்லை.

அப்ப பின்னால ஒரு கதிரை நிலத்தில உரஞ்சின சத்தம் கேட்டது.

சஜிதா எழும்பி நிண்டாள். பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தாள். பள்ளிக்கூட டொச் கொப்பி. நடந்து வந்து ஹாகனின்ர மேசையில விரிச்சு வைச்சாள். என்னைப் பார்க்கேல்லை.

“அந்த வசனம் என்ர வசனம்,” எண்டாள். “பங்குனி மாசம் வகுப்பில மேயருக்குக் கடிதம் எழுதச் சொன்னவை. பள்ளிக்கூட ரோட்டில கார்கள் வேகமாய்ப் போறதைப் பற்றி. அதுக்கு நான் யோசிச்சு எழுதினது. ரீச்சர் சிவப்புப் பேனையால ‘மிக அழகு’ எண்டு போட்டிருக்கிறா, பாருங்கோ. அப்பா கேட்டார், சொல்லிக் குடுத்தன். மற்ற வசனங்களும் நான் சொல்லிக் குடுத்ததுதான். எதுக்கெண்டு எனக்குத் தெரியாது.”

ஹாகன் கொப்பியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், திரும்பக் கொப்பியைப் பார்த்தார். கை தட்டினவை கையை மடிக்குள்ள வைச்சினம். றெக்ஸ் மெல்ல ஒரு கதிரை தள்ளி இருந்தான்.

லின்டெமானை அண்டைக்கே திரும்ப வேலையில எடுத்தினம். பொலிசுக்குப் போறதோ எண்டு ஹாகன் கேட்டார். லின்டெமான் வேண்டாமெண்டார். பிறகு எழும்பி என்னட்டை வந்தார். அடிச்சால் வாங்குவம் எண்டு நிண்டன். அவர் கையை நீட்டினார். குலுக்கிறதுக்கு இல்லை, உள்ளங்கையை மேல பார்க்க நீட்டிக்கொண்டு நிண்டார். பொக்கற்றில கிடந்த ஸ்கோர் பலகைத் திறப்பை எடுத்து வைச்சன்.

“என்னட்டைக் கேட்டிருக்கலாம், ஹேர் தபோ,” எண்டார். “டெரலைப் பற்றி. உங்களுக்குச் சொல்லியிருப்பன்.”

காரில வீட்டை வந்தம். சிக்னலில நிக்கேக்க சஜிதா பின்னால இருந்து சொன்னாள்: “நீங்கள் எழும்பாமல் இருந்திருந்தாலும் நான் எழும்பியிருப்பன்.” அதுதான் மூண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னோட கதைச்ச முதல் கதை.

இதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். கலைச்சவனை எடுத்தாச்சு, சொன்னவன் சொல்லியாச்சு. ஆனால் கிளப் கந்தோர் வேற, யூகென்ட்அம்ட் வேற. கோவை திறந்தால் அவை நினைச்ச உடன மூடமாட்டினம். முறைப்பாடு எழுதினவர் ஒருக்கால் ஒண்டு சொன்னார், பிறகு வேறொண்டு சொல்லுறார், எதை நம்புறது எண்டு கேட்டு எழுதியிருந்தினம். ஒரு பருவகாலம் முழுக்க, பஸ் வெளிக்கிட முதல், லின்டெமான் பெற்றோருக்கு முன்னால மது பார்க்கிற குழாயில ஊதவேணும். ஒரு சாட்சி பார்த்துக் கையெழுத்துப் போடவேணும்.

சனிக்கிழமை காலமை எட்டு மணி. கிளப் வாசலில பதினாலு பிள்ளையளும் தாய் தகப்பன்மாரும் நிக்கினம். நான் தூரத்தில மதிலோட நிண்டு சஜிதாவை அனுப்பிப்போட்டுத் திரும்பத்தான் இருந்தனான். லின்டெமான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“ஹேர் தபோதரன். சாட்சி நீங்கள்.”

தபோ எண்டு சொல்லேல்லை. முழுப்பெயர்.

அவர் கண்ணாடிக் குழாயை வாயில வைச்சார். மறுநுனியில ஒரு சின்னப் பை. எல்லாருக்கும் முன்னால, கன்னம் புடைச்சு, முகம் சிவந்து, அந்தப் பை நிரம்புமட்டும் ஊதினார். ஐம்பத்தேழு வயசு மனுசன். பிள்ளையள் பார்த்துக்கொண்டு நிண்டினம். ஒரு சின்னப் பொடியன் சிரிச்சான், தாய் அவனை அமத்தினாள். குழாய்க்குள்ள மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. பச்சை ஆனால்தான் குடி.

தாளை நீட்டினார். திகதி, நேரம், முடிவு, சாட்சியின்ர பெயர், கையெழுத்து. பன்னிரண்டு சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு வரி. நான் சுருக்கமாய் ‘த’ எண்டு கிறுக்கப் போனன்.

“முழுசாய் எழுதுங்கோ,” எண்டார் லின்டெமான். “வாசிக்கக்கூடியதாய்.”

எழுதினன். சிவகுருநாதன் தபோதரன். என்ர பெயர் அவ்வளவு நீளமெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. சஜிதா பஸ் யன்னலால பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர, அவள் முகத்தைத் திருப்பினாள்.

எழுதி முடிய, அந்தச் சின்னப் பொடியனின்ர தாய் கிட்ட வந்தாள். லின்டெமான் பஸ் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு, “காலை வணக்கம்” எண்டு சிரிச்சார். அவள் அவரின்ர முகத்தைப் பார்க்கேல்லை. என்ர கையில கிடந்த தாளை எட்டிப் பார்த்தாள், மஞ்சள் எண்டு எழுதிக் கிடக்கிறதை விரலால தொட்டு வாசிச்சாள், கீழ கிடந்த என்ர கையெழுத்தையும் பார்த்தாள். அதுக்குப் பிறகுதான் பிள்ளையின்ர கையை விட்டாள்.